சனிக்கிழமை மியூசியம் ப்ளான்

ரேவதி: சனிக்கிழமை எல்லாரும் சிகாகோ ஜாக்சன் பார்க் சயின்ஸ் மியூசியம் போறோம், காலைல திறக்கும்போதே உள்ள இருக்கணும். பெரியப்பா நீங்களும்தான்

பெரியப்பா: பசங்க பட்டன் அமுக்கி விளையாடுற இடத்துல எனக்கென்னம்மா வேலை. போயிட்டு வாங்க

குமார்: பெரியப்பா அந்த கட்டடமே 1893 உலகப் பொருட்காட்சிக்கு கட்டினது. விவேகானந்தர் வந்தாரே அதே பொருட்காட்சி

பெரியப்பா: அங்கயா பேசினார்??

குமார்: இல்ல பெரியப்பா, சர்வமத மாநாடு நடந்தது டவுன்டவுன்ல, இப்ப ஆர்ட் இன்ஸ்டிட்யூட் இருக்கே அந்த பில்டிங். ஜாக்சன் பார்க்ல மத்த கட்டடமெல்லாம் பொருட்காட்சிக்குன்னு பிளாஸ்டர்ல தற்காலிகமா எழுப்பினது, நாம போற மியூசியம் கட்டடத்துல ஓவியங்கள் வெச்சதால தீப்பிடிக்கக் கூடாதுன்னு உள்ள செங்கல் போட்டு கட்டினாங்க, அதான் தப்பிச்சு நிக்குது. 1933ல மியூசியமா திறந்தாங்க

பெரியப்பா: சரி ரெண்டு இடமும் பாக்கலாமா

ரேவதி: ஒரே நாள்ல முடியாது பெரியப்பா 😄 மியூசியமே முழுசா முடியாது, அதனால நாலஞ்சு மட்டும் பாத்தா போதும்

அத்தை: நீர்மூழ்கிக் கப்பல் இருக்குன்னு சின்னவன் குதிக்கிறான்

குமார்: யூ-505 அத்தை. ஜெர்மன்காரங்களோடது, 1944 ஜூன் 4 அமெரிக்க நேவி ஆப்பிரிக்கா பக்கம் கடல்ல உயிரோட புடிச்சாங்க, நேச நாட்டுப் படைங்க பிரான்ஸ்ல நார்மண்டி கரைல இறங்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. உள்ள சங்கேதப் புத்தகம் சிக்கினது ஜெர்மனிக்கு தெரியக்கூடாதுன்னு கப்பல்ல புடிபட்ட ஜெர்மன் ஆளுங்களையே ரகசியமா வெச்சிருந்தாங்க. கப்பல பக்கத்துல நின்னு பாக்க டிக்கெட்லயே அடங்கிடும், உள்ள போய் பாக்க தனி டிக்கெட், சீக்கிரம் தீந்துடும் அக்கா இப்பவே போட்டுடு

அத்தை: உள்ள குனிஞ்சு போகணுமா? என் முட்டி தெரியும்ல

குமார்: வட்டமா ஒரு ஓட்டை மாதிரி கதவு அத்தை, காலத் தூக்கி வெச்சு தலைய மடக்கி நுழையணும். நீங்க வேணாம்

ரேவதி: அத்தைக்கு கோழிக்குஞ்சு பொரிக்கிற இடம். கண்ணாடிக்குள்ள முட்டை லேசா ஆடும், சின்னதா ஒரு கீறல் விழும், அப்புறம் ஒண்ணுமே நடக்காது, ஓய்வெடுக்குமாம், நாம பொறுமை இழந்து நகரும்போதுதான் டக்னு அலகு வெளிய வரும், வெளிய வந்ததும் ஈரமா நனைஞ்ச துணி மாதிரி கெடக்கும் பாவம். என் பொண்ணு அங்கேந்து வரவே மாட்டேன்னா, நாற்பதடி உயரத்துக்கு புகையா சுழலுற டோர்னடோ கூட அவளுக்கு ரெண்டாம்பட்சம்

அத்தை: கோழிக்குஞ்சு நான் பாக்காததா 🙄

குமார்: அப்போ விஸ்பரிங் கேலரி. ரெண்டு கோடியிலயும் வளைஞ்ச சுவர், இந்தப் பக்கம் நீங்க முணுமுணுத்தா அங்க நிக்கிற மாமா காதுல விழும். சத்தம் அந்த வளைவுல பட்டு திரும்பி அவர் நிக்கிற ஒரே இடத்துல போய் குவியும், நடுவுல நிக்கிறவங்களுக்கு கேக்காது

மாமா: வீட்லயே அது நல்லா வேலை செய்யுது

அத்தை: பாத்துக்கறேன்

பெரியப்பா: நிலாவுக்கு போன கலம் ஏதோ இருக்காமே

குமார்: அப்போலோ 8, 1968ல நிலாவ சுத்திட்டு வந்ததே அதே கேப்ஸ்யூல் பெரியப்பா, மாடல் இல்ல, அடிப்பக்கம் கருகியிருக்கும்

பெரியப்பா: எனக்கும் ஒரு டிக்கெட் போடும்மா. சப்மரீனுக்கும் சேத்து

ரேவதி: பெரியப்பா குனியணும்!!

பெரியப்பா: குனிவேன்