ஷாகுஹாச்சியின் நாதத்தை எப்படிச் சொல்லிக் கேட்பது?

ஜப்பானிய மூங்கில் குழலான ஷாகுஹாச்சி வாசிக்கிறவர்கள், கேட்டுப் பழகியவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் உதவுங்கள். ஜப்பானில் ஒருவரிடம் 1.8 அளவுக் குழல் (சுமார் 54.5 செ.மீ., முன்னால் நாலு துளை, பின்னால் ஒன்று) செய்யச் சொல்லப் போகிறேன், அவரோ எந்த மாதிரி நாதம் வேண்டும் என்று எழுதி அனுப்பச் சொல்கிறார். அங்கேதான் திணறுகிறேன்.

உள்ளே கல்பொடியும் உருஷி அரக்கும் குழைத்துப் பூசிய ஜினுரி குழல் கணீரென்று, எல்லா ஸ்வரமும் ஒரே சீராகப் பேசுகிறது. பூச்சில்லாத ஜினாஷியில் ஸ்வரத்துக்கு ஸ்வரம் குணம் மாறும், மூச்சும் கலந்து வரும். எனக்குப் பிடித்தது இதுதான், ஆனால் எல்லாத் துளையையும் மூடி ஊதும் 'ரோ' கனமாக நிற்க வேண்டும், தலையைத் தாழ்த்தி மெரியில் சுருதியை இறக்கும்போது குரல் மங்கலாம், அறுந்துவிடக் கூடாது.

இதெல்லாம் ஒரே ஜினாஷியில் கிடைக்குமா, இல்லை பேராசையா? வேண்டுமென்றே காற்றடிக்கும் முராயிகி வேறு, குழலே இரைவது வேறு, அந்த வித்தியாசத்தை எப்படி எழுதுவது? நீங்கள் என்ன சொல்லி வாங்கினீர்கள்? ஒலிப்பதிவு அனுப்பினால் போதுமா? விலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.