வலிப்புக்குத் தேங்காய் எண்ணெய் மருந்தா? கீட்டோ பத்தியம் பற்றி ஒரு வாதம்

பத்மநாபபுரத்தான்:
தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்துல வாட்ஸ்அப்ல ஒரு செய்தி சுத்துது. ‘மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), சோறு ரெண்டையும் நிறுத்துங்க. தினம் நாலு கரண்டி செக்கு தேங்காய் எண்ணெய் குடுங்க. பிள்ளைக்கு வலிப்பு நின்னுரும், மாத்திரை வேண்டாம்.’ மாத்திரை வேண்டாம்னு சொல்றது பிள்ளையோட உயிருக்கே ஆபத்து, அதை விட்டுருவோம். ஆனா இதைக் கண்டிக்கிறேன்னு ‘சாப்பாட்டால வலிப்பு குறையுமா, எல்லாம் கட்டுக்கதை’ன்னு சொல்றவங்களும் தப்புதான் சொல்றாங்க.

மாவுச்சத்தைச் சுருக்கி கொழுப்பைக் கூட்டினா கல்லீரல் கீட்டோனை உண்டாக்கும். மூளை குளுக்கோஸுக்குப் பதிலா அதை எரிக்கும். அமெரிக்காவுல மேயோ கிளினிக்கைச் சேர்ந்த வைல்டர் 1921லேயே இந்தப் பத்தியத்துக்கு கீட்டோஜெனிக்னு பேர் வச்சுட்டார். 1938ல ஃபெனிடாயின்ங்கிற வலிப்பு மாத்திரை வந்த பிறகுதான் இது மூலைக்குப் போச்சு. 2008ல லண்டன்ல 145 பிள்ளைகளை வச்சு நடந்த ஆய்வைப் பாருங்க. எல்லாருமே குறைஞ்சது ரெண்டு மருந்து பலிக்காதவங்க. மூணு மாசத்துல, பத்தியம் இருந்தவங்கள்ல 38 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல குறைஞ்சது. பத்தியம் இல்லாதவங்கள்ல 6 சதவீதம்தான்.

கிளாஸ்கோவுல 2000ல வந்த கணக்குப்படி முதல் மருந்துலயே 47 சதவீதம் பேருக்கு வலிப்பு நின்னுருது, ரெண்டாவதுல இன்னும் 13 சதவீதம். அதுக்கப்புறம் மருந்தை மாத்தி மாத்திக் குடுத்தாலும் பலன் சொற்பம். அப்போ ரெண்டு மருந்து தோத்த உடனே பத்தியத்தைப் பத்திப் பேசணுமா, ஆறாவது மருந்தும் தோத்த பிறகா?

குழித்துறை மருந்தாளுநர்:
அண்ணே, நீங்க சொன்ன ஆய்வு முழுக்க உணவியல் நிபுணர் கண்காணிப்புல நடந்தது. அப்படியும் மலச்சிக்கல், வாந்தி, சோர்வு, பசி எல்லாம் வந்துச்சு. இங்க உங்க பதிவைப் படிக்கிறவங்க நாளைக்குக் காலையில சோற்றை நிறுத்திட்டு எண்ணெயை எடுத்து ஊத்துவாங்க.

சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே கொழுப்பை எரிக்கிற நொதி குறைவா இருக்கும், இல்லன்னா கார்னிட்டின் குறைவா இருக்கும். கொழுப்பை செல்லோட உலைக்குள்ள கொண்டு போற வண்டி கார்னிட்டின். வண்டி இல்லாத பிள்ளைக்கு மாவுச்சத்தையும் நிறுத்தினா, எரிக்க எதுவுமே கிடையாது. சர்க்கரை விழுந்து மயக்கத்துல போய் நிக்கும். பைருவேட் கார்பாக்சிலேஸ் குறைபாடு, போர்ஃபிரியாங்கிற அபூர்வ வளர்சிதைமாற்றக் கோளாறுகள் இருந்தாலும் இந்தப் பத்தியம் கூடவே கூடாது. அதனால முதல்ல ரத்தத்துல அசைல்கார்னிட்டின், சிறுநீர்ல கரிம அமிலம், கல்லீரல், சிறுநீரகம், கொழுப்பு அளவு இத்தனையும் பார்க்கணும்.

வால்ப்ரோயேட்ங்கிற வலிப்பு மருந்து குடிக்கிற பிள்ளைக்கு கார்னிட்டின் ஏற்கெனவே குறையும். டோபிரமேட்ங்கிற இன்னொரு வலிப்பு மருந்து ரத்தத்துல அமிலத்தைக் கூட்டும், பத்தியமும் கூட்டும். ரெண்டும் சேர்ந்தா சிறுநீரகக் கல்லுக்கு வழி. அதுக்குத்தான் பொட்டாசியம் சிட்ரேட் சேர்த்து எழுதுறாங்க.

உணவியல்_நாகர்கோவில்:
தேங்காய் எண்ணெய் பற்றிய கணக்கைச் சொல்கிறேன், குழப்பமே அதில்தான். மருத்துவமனையில் ‘எம்சிடி எண்ணெய்’ என்று கொடுப்பது எட்டு கார்பன், பத்து கார்பன் உள்ள கொழுப்பு அமிலங்கள் மட்டும் கொண்டது. அவை குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய் வேகமாகக் கீட்டோனாகும். பத்து கார்பன் உள்ள டெகனோயிக் அமிலத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. நரம்பைத் தூண்டும் குளூட்டமேட் வந்து உட்காரும் ஆம்பா ஏற்பியையே அது நேரடியாக அடக்கும்.

நம் தேங்காய் எண்ணெயில் இந்த இரண்டும் சேர்ந்து சுமார் 14 சதவீதம்தான். பாதியளவு இருப்பது பன்னிரண்டு கார்பன் லாரிக் அமிலம். அதில் பெரும்பங்கு மற்ற எண்ணெய்களைப் போலவே நிணநீர் வழியாகச் சுற்றித்தான் போகும். தினம் 1000 கலோரி வேண்டிய பிள்ளைக்கு அதில் பாதியை எம்சிடியாகக் கொடுக்க 60 கிராம் எண்ணெய் போதும். அதே 60 கிராமைத் தேங்காய் எண்ணெயிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் 400 கிராமுக்கு மேல் குடிக்க வேண்டும். அது மட்டுமே 3,600 கலோரிக்கு மேல். செக்கில் ஆட்டியதோ, பால் பிழிந்து காய்ச்சிய உருக்கெண்ணெயோ, இந்த விகிதம் மாறாது.

பத்மநாபபுரத்தான்:
கணக்கு சரி மேடம். ஆனா அது எம்சிடி பத்தியத்துக்குத்தான் பொருந்தும். 1921லேர்ந்து இருக்கிற பழைய 4:1 முறையில (புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 1 கிராம்னா கொழுப்பு 4 கிராம்) எந்தக் கொழுப்புன்னு யாரும் கேக்கிறதில்ல. வெண்ணெய், கிரீம் வச்சே கீட்டோன் வந்துச்சு. அந்த இடத்துல தேங்காய் எண்ணெயையும் தேங்காய்ப்பாலையும் வைக்கிறதுல என்ன தடை?

உணவியல்_நாகர்கோவில்:
தடை இல்லை. வைக்கலாம், முழுக்க அதையே வைக்கக் கூடாது. உடம்பால் தானே செய்துகொள்ள முடியாத லினோலெயிக் அமிலம் தேங்காய் எண்ணெயில் 2 சதவீதம் அளவுதான். ஒமேகா 3 இல்லவே இல்லை. ஒரு பங்கு நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ கலந்து, சாளை (மத்தி) மீனும் இருந்தால் குறை தீரும்.

அளவு என்றால் எவ்வளவு நுணுக்கம் என்று பாருங்கள். 15 கிலோ பிள்ளை, 1000 கலோரி, 4:1. ஒரு நாளைக்குக் கொழுப்பு 100 கிராம், புரதம் 15, மாவுச்சத்து 10. மூன்று வேளையாகப் பிரித்தால் ஒரு வேளைக்குக் கொழுப்பு 33, புரதம் 5, மாவுச்சத்து 3 கிராம் சொச்சம். தட்டில் இது முள் நீக்கிய சாளை 20 கிராம், துருவிய தேங்காய் 25 கிராம், புடலங்காய் துவரன் (பொரியல்) 40 கிராம், எண்ணெய் 23 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டி. அவ்வளவுதான். எண்ணெயைத் துவரனிலேயே குழைத்துக் கொடுத்து, பாத்திரத்தில் ஒட்டியதையும் வழித்து ஊட்ட வேண்டும். ஒரு கரண்டி தட்டிலேயே தங்கிவிட்டால் விகிதம் 4:1 இல்லை. 1 கிராம் துல்லியம் காட்டும் சமையலறைத் தராசு இல்லாமல் இதைத் தொடங்கவே வேண்டாம். பச்சை மரச்சீனி 100 கிராமில் 38 கிராம் மாவுச்சத்து. ஏறக்குறைய நான்கு நாள் பங்கு ஒரே துண்டில் போய்விடும்.

கடியபட்டணம்:
இதைத்தான் கேக்க வந்தேன். விடியக்காலம் மீன் ஏலத்துக்குப் போற அம்மா, மூணு வேளையும் தராசோட நிப்பாங்களா? நிக்க முடியாத வீட்டுக்கு அட்கின்ஸ் மாற்று முறை இருக்கே. ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல 2003ல வந்தது. மாவுச்சத்து மட்டும் நாளைக்கு 10லேர்ந்து 20 கிராம். மீன், முட்டை, இறைச்சிக்கு அளவு இல்ல, கலோரிக்கும் கட்டு இல்ல, பட்டினி போட வேண்டாம், அட்மிஷனும் வேண்டாம். டெல்லியில 2013ல 102 பிள்ளைகளை வச்சுப் பார்த்தாங்க. மூணு மாசத்துல 52 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல குறைஞ்சது, மத்தவங்களுக்கு 11.5. அயிலையும் சூரையும் கிடைக்கிற கடற்கரைக்கு இதைவிடத் தோதான பத்தியம் எது?

மாட்டிக்கிறது மீன்ல இல்ல, குழம்புலதான். புளிமுளம்ங்கிற மீன் குழம்புக்கு நெல்லிக்காய் அளவு, 10 கிராம் புளி கரைச்சா அதுலேயே 6 கிராம் மாவுச்சத்து. உள்ளி வதக்கி அரைக்கிற தீயலும் அப்படித்தான். பிள்ளைக்கு மீனைத் தனியா மிளகு போட்டு எண்ணெயில பொரிச்சு எடுத்துரணும். அப்புறம் கருப்பட்டி. ‘அது நாட்டுச் சரக்கு, ஒண்ணும் செய்யாது’ன்னு பாட்டி ஒரு துண்டு குடுப்பாங்க. கருப்பட்டியும் சர்க்கரைதான், அக்கானியும் (பதநீர்) சர்க்கரைத் தண்ணிதான். கீட்டோன் ஒரு மணி நேரத்துல விழுந்து அன்னைக்கே வலிப்பு திரும்பி வரலாம்.

குழித்துறை மருந்தாளுநர்:
மாற்று முறை நல்லதுதான், ஆனா எல்லாருக்கும் இல்ல. ரெண்டு வயசுக்குக் கீழ பழைய முறைதான், அதுவும் கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் 3:1, அதுவும் ஆஸ்பத்திரியில வச்சு. இன்ஃபண்டைல் ஸ்பாசம்ங்கிற கைக்குழந்தை வலிப்பு வர்ற குழந்தைக்கு முதல்ல ஏசிடிஹெச் ஹார்மோன் ஊசி, ஸ்டீராய்டு, விகாபாட்ரின் மருந்து இதுல ஒண்ணு. அதைத் தள்ளிப் போட்டுட்டு எண்ணெயை நம்பக் கூடாது.

மருந்துக்கடையில நடக்கிற தப்பு ஒண்ணு. பிள்ளைக்குன்னா உடனே சிரப்தான் குடுப்போம். சிரப் இனிப்பா இருக்கிறதே சர்க்கரையாலதான். வீட்டுல ஒவ்வொரு கிராமா எண்ணி எண்ணி வச்சதை, வலிப்பு சிரப்பும் இருமல் சிரப்பும் சேர்ந்து உடைச்சுரும். சீட்டு காட்டும்போதே ‘பத்தியப் பிள்ளை, மாத்திரையாக் குடுங்க’ன்னு சொல்லணும். மெதுவாக் கரையிற மாத்திரையை மட்டும் பொடிக்கக் கூடாது, மொத்த மருந்தும் ஒரே நேரத்துல இறங்கிரும். காய்ச்சல்னு போனா குளுக்கோஸ் பாட்டில் ஏத்துவாங்க. காரணம் இல்லாம ஏத்தாதீங்க, நார்மல் சலைன் போதும்னு எழுதின சீட்டு தாய் கையில இருக்கணும்.

பத்மநாபபுரத்தான்:
ஒத்துக்கிறேன். ஆனா பத்தியமே முதல் மருந்தா நிக்கிற நோயும் இருக்கு. குளூட்-1 குறைபாட்டுல, குளுக்கோஸை ரத்தத்துலேர்ந்து மூளைக்குக் கடத்துற புரதமே குறைவு. ரத்தத்துல சர்க்கரை சரியா இருக்கும், முதுகுத்தண்டு நீர்ல பாதிகூட இருக்காது. 1991ல டி விவோங்கிற நரம்பியல் மருத்துவர் கண்டு சொன்னது. காலையில வெறும் வயித்துல வலிப்பு, சாப்பிட்டா குறையும். நடை தள்ளாடும், கண் அங்கும் இங்கும் துள்ளும். கீட்டோன் வேற வாசல் வழியா மூளைக்குப் போறதால பத்தியத்துல பிள்ளை தெளியுது. இந்தப் பிள்ளைக்கு ஃபீனோபார்பிட்டால்ங்கிற வலிப்பு மருந்து குடுத்தா இருக்கிற வாசலும் இன்னும் அடையும். ஆறு மருந்து மாத்துற வரைக்கும் முதுகுத்தண்டு நீரைப் பார்க்காம விடுறது எவ்வளவு பெரிய இழப்பு! இங்கிருந்து பலரும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவமனைக்குப் போறாங்க. போகும்போது வலிப்பு வந்த நேரம், கடைசியா சாப்பிட்ட நேரம் ரெண்டையும் நோட்டுல எழுதிக் கொண்டு போனாலே பாதி துப்பு கிடைச்சுரும்.

உணவியல்_நாகர்கோவில்:
தொடங்கியவர்களுக்கு ஒன்று. சிறுநீர்க் கீட்டோன் பட்டையில் 80 முதல் 160 வரை இருந்தால் போதும். அதற்கு மேல் போய், பிள்ளை வேகமாக மூச்சு வாங்கி, முகம் சிவந்து, வாந்தி எடுத்து, துவண்டு கிடந்தால் கீட்டோன் கூடிவிட்டது. 30 மில்லி ஆரஞ்சுச் சாறு கொடுத்துக் கால்மணி நேரம் பாருங்கள். தெளியவில்லை என்றால் உடனே மருத்துவமனை. வைட்டமின், கால்சியம், செலினியம் சர்க்கரை இல்லாத வடிவில் தினமும் வேண்டும். செலினியம் குறைந்தால் இதயத் தசையே பாதிக்கும். மூன்று மாதம் சரியாகக் கடைப்பிடித்தும் பலன் இல்லையென்றால் விட்டுவிடலாம், பிள்ளையை வருத்த வேண்டாம். பலன் இருந்தால் சுமார் இரண்டு வருடம். அதன்பின் 4:1, 3:1, 2:1 என்று மாதக் கணக்கில் இறக்க வேண்டும்.

குழித்துறை மருந்தாளுநர்:
மாத்திரைக்கும் அதே கதைதான். பத்தியம் பலிச்சாலும் டாக்டர்தான் ஒவ்வொண்ணாக் குறைக்கணும். திடீர்னு நிறுத்தினா நிக்காத வலிப்புல கொண்டு விட்டுரும். பத்மநாபபுரத்தான் அண்ணே, ரெண்டு மருந்து தோத்த உடனே பத்தியத்தைப் பத்திக் கேக்கணும்ங்கிறதுல உங்க பக்கம் வந்துட்டேன். நான் சொன்ன ரத்தப் பரிசோதனை முடிவு வராம ஒரு கரண்டி எண்ணெய்கூட ஆரம்பிக்கக் கூடாதுங்கிறதுல நான் அசைய மாட்டேன். உங்க முதல் பதிவுல அதையும் சேர்த்துருங்க.

பத்மநாபபுரத்தான்:
சேர்த்துடறேன், முதல் வரியிலேயே.