இராணுவம் கழித்த லொறி: பதிவு எடுக்க முடியுமா?

செங்கலடி வாசி:
வணக்கம். களத்திலிருந்து நெல் ஏற்ற ஒரு பழைய லொறி தேடுகிறேன். இராணுவம் கழித்து ஏலத்தில் விட்டது என்று தரகர் ஒருவர் ஒன்றைக் காட்டினார். இலக்கத் தகட்டில் சிங்களத்தில் 'யு ஹ' (இராணுவ வண்டிகளின் குறி) எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. என்ஜின் நன்றாக இழுக்கிறது. விலை சந்தையில் பாதி. ஆனால் பதிவுப் புத்தகம் இல்லை. "ஏலத் துண்டு இருக்கிறது, நம்பர் நான் எடுத்துத் தருகிறேன்" என்கிறார். அந்தத் துண்டை இதுவரை கண்ணில் காட்டவில்லை. 25,000 ரூபாய் முற்பணமும் கொடுத்துவிட்டேன் (வீட்டில் தெரியாது). இணையத்தில் தேடினால் அமெரிக்க இராணுவம் கழித்த, பெட்டியில் அடைத்த ஜீப் 50 டாலர் என்றெல்லாம் வருகிறது. எதை நம்புவது?

அம்பாறை, ஓய்வுபெற்ற களஞ்சியக்காரர்:
தம்பி, அரசாங்கப் பொருளை யாரும் நினைத்தபடி விற்றுவிட முடியாது. அரசாங்கத்தின் நிதி விதிகளில் நிதிப் பிரமாணம் 756இன்படி ஆண்டுதோறும் பொருட்கணக்கெடுப்புச் சபை வந்து எண்ணிப் பார்க்கும். எது திருத்தத்தக்கது, எது விற்க வேண்டியது, எது அழிக்க வேண்டியது என்று சபைதான் எழுதும். அதற்குப் பிறகுதான் மதிப்பீடும் ஏலமும். ஏலத்தில் எடுத்தவர் பணம் கட்டிய பற்றுச்சீட்டும், பொருளை வெளியே கொண்டுபோகும் அனுமதியும் வைத்திருப்பார். இரண்டிலும் செசி இலக்கம் (வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த இலக்கம்) இருக்கிறதா என்று பாருங்கள். பற்றுச்சீட்டு வேறு ஒருவர் பெயரில் இருந்தால், அவர் உங்களுக்கு விற்ற கடிதமும் வேண்டும். நான் இருந்த களஞ்சியத்தில் ஓர் உடைந்த மேசையை வெளியே அனுப்பவே மூன்று கையெழுத்து!

அக்கரைப்பற்று, இப்போது அமெரிக்காவில்:
50 டாலர் ஜீப் என் வாப்பா காலத்துக் கதை. இங்கே படைகளின் மிகுதிப் பொருளைக் கழிக்கும் அலுவலகம் மிச்சிகனின் பேட்டில் கிரீக்கில் இருக்கிறது. முதலில் மற்றப் படைப்பிரிவுகள், பிறகு அரசு நிறுவனங்கள், மாநிலங்கள். அவர்கள் வேண்டாம் என்றதே பொதுமக்களுக்கு வரும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எழுத்துக் குறி உண்டு. 'ஏ' என்றால் அப்படியே விற்கலாம். 'டி' என்றால் உருத்தெரியாமல் அழிக்க வேண்டும். ஹம்வீ என்ற இராணுவ வண்டிகளைக்கூட 2014 டிசம்பரில்தான் பொது ஏலத்துக்கு விட்டார்கள், அதுவும் வீதியில் ஓட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஆகவே நானா, அந்தப் பக்கங்களைப் பார்த்து உங்கள் லொறிக்குக் கணக்குப் போடாதீர்கள்.

கல்முனை, கராஜ்காரன்:
முதலில் செசி இலக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். அரத்தால் தேய்த்த தடம் இருந்தால் அந்த இடத்திலேயே திரும்பி வந்துவிடுங்கள். சுத்தமாக இருந்தால் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் நீங்களே விசாரியுங்கள், தரகரை அனுப்பாதீர்கள். பதிவில்லாத லொறி இரும்புதான். இரும்பு விலைக்குத் தந்தால் என்ஜினைக் கழற்றி நீர் இறைக்க வைக்கலாம்.

செங்கலடி வாசி:
துடைத்துப் பார்த்தேன். கடைசி மூன்று இலக்கங்கள் இருந்த இடம் பளபளவென்று இருக்கிறது. துண்டைக் கேட்டதற்கு "நாளை" என்றார். இரும்பு விலை கேட்டதும் தொலைபேசியை வைத்துவிட்டார். முற்பணத்தை எப்படி வாங்குவது?

அம்பாறை, ஓய்வுபெற்ற களஞ்சியக்காரர்:
கொடுத்ததற்குச் சீட்டோ குறுஞ்செய்தியோ இருந்தால் எடுத்துக்கொண்டு இன்றே பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். தேய்த்த இலக்கத்தையும் சொல்லுங்கள். வீட்டிலும் சொல்லிவிடுங்கள் தம்பி, பொலிஸ் கடிதம் வீட்டு முகவரிக்குத்தான் வரும்.