பின் பிரேக் கிறீச்சிடும் ஏடிவி (கரடுமுரடு பாதையில் ஓடும் நான்கு சக்கர பைக்): உங்களுக்கு என்ன ஆனது?

நாகலூர்த் தோட்டம்:
ஏற்காடு மண் வண்டிக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். பின் ஆக்ஸிலில் ஒரே டிஸ்க், அதுவும் தரைக்குப் பக்கத்தில். கழற்றிப் பார்த்தால், டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பர் நகரும் கம்பிகளில் (பின்களில்) ஒன்று மண் ஏறி இறுகிக் கிடந்தது. டிஸ்க்கை இருபுறமும் அழுத்தும் பேடுகளில் உள்பக்கப் பேடு மட்டும் தேய்ந்து, முகம் கண்ணாடியாய்ப் பளபளத்தது. பின்னைத் துடைத்து சிலிக்கான் கிரீஸ் தடவி, பேடு ஜோடியை மாற்றியதும் சத்தம் அடங்கியது.

நான் எழுத வந்தது அதற்கப்புறம் நடந்ததை. காப்பிப் பழம் பறிக்கும் நேரம். மூட்டையோடு இறக்கத்தில் எஞ்சின் அடங்கி உருண்டு வந்து, சில்வர் ஓக் வரிசையைத் திரும்பினால் பாதை நடுவே பறிக்கிற அக்கா ஒருவர், முதுகைக் காட்டி நிற்கிறார். பிரேக்கை மிதித்தேன். ஒரு முழம் தள்ளி, சத்தமே இல்லாமல் வண்டி நின்றது. திரும்பியவர் முகம் வெளுத்துவிட்டது. “என்னங்க தம்பி, முன்னெல்லாம் கத்திட்டே வருமே, நாங்க ஒதுங்கிக்குவமே” என்றார். இத்தனை நாளும் அந்தக் கத்தலை நம்பித்தான் அவர்கள் நடந்திருக்கிறார்கள். இப்போது வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கிறேன். ஆனாலும் அந்த முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

அஸ்தம்பட்டி:
மஞ்சக்குட்டை பக்கம் மாமா தோட்டத்து வண்டி. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் ஒரு பையன், துரு இளக்கும் ஸ்பிரேயை டிஸ்க் மேலேயே அடித்துக் கொடுத்துவிட்டான். சத்தம் அந்த நிமிடமே நின்றது, மாமாவுக்கு ஒரே சந்தோஷம். முதல் இறக்கத்தில் பெடலை எவ்வளவு மிதித்தும் வண்டி நிற்கவில்லை. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எண்ணெய் கருகும் வாடை, அடுத்து காப்பிச் செடிகள் முகத்தில் அடித்தன. யாருக்கும் அடி இல்லை. டிஸ்க்கை பிரேக் கிளீனரால் கழுவினோம். எண்ணெய் ஊறிய பேடைக் காப்பாற்ற முடியாது, தூக்கிப் போட்டோம். இன்றும் அந்த வாடை எங்காவது வந்தால் என் கால் தானாகத் தரையை மிதிக்கிறது.

குப்பனூர் வழி:
நாகலூர் நண்பரே, பேடு மாற்றியது வீண் செலவு. பளபளப்பு ஏறிய பேடை எமரி தாளில் தேய்த்தாலே போதும், எங்கள் வண்டியில் அப்படித்தான் சரியானது. தாளைச் சமமான கண்ணாடி மேல் வைத்து, எட்டு போடுகிற மாதிரி தேய்க்க வேண்டும். முகமூடி கட்டாயம், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. பேடின் ஓரங்களை லேசாகச் சரித்துவிடுங்கள், அதிர்வு குறையும். பேடின் முதுகில், அதைத் தள்ளும் பிஸ்டன் படும் இடத்தில், பிரேக்குக்கான கிரீஸ் மெல்லிசாக. சாதாரண கிரீஸ் ரப்பர் உறையை உப்ப வைத்துவிடும். மாட்டியதும் இறக்கத்துக்குப் போகாதீர்கள். சமதரையில் முழுதாக நிறுத்தாமல் பலமுறை வேகத்தைக் குறைத்து, நடுவில் ஆறவிட்டு, பேடைப் பழக்க வேண்டும். டாட் 4 பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், அதையும் 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

நாகலூர்த் தோட்டம்:
அண்ணா, எமரி யோசனை நல்லதுதான், ஆனால் என் பேடு ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தது. அதைத் தேய்த்து நிமிர்த்தினால் என்ன மிஞ்சும்? அதோடு கேலிப்பர் பின் இறுகிக் கிடக்கும்வரை எந்தப் பேடு போட்டாலும் கத்தும்.

ஐந்து ரோடு:
உங்களுக்காவது கத்திக்கொண்டே இருந்தது. எங்கள் டிரைவர் ஒருநாள் வந்து, “சத்தம் தானாவே நின்னுருச்சுங்க” என்றார். நான் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தேன். கீச்சுச் சத்தம் போய் கரகரவென்று, அம்மியில் கல்லைப் போட்டு அரைப்பது போல. கழற்றினால் பேடில் உராயும் பொருளே இல்லை, பின்தகடு நேராக டிஸ்க்கை உழுதிருக்கிறது. கோடுகளில் நகம் மாட்டுகிறது. டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் அச்சடித்திருக்கும் இல்லையா, அளந்தால் அதற்கும் கீழே. வண்டி ஷெட்டில் நிற்கிறது. பழைய 250 சிசி வண்டிக்குப் பின்பக்க டிஸ்க் சேலத்தில் எங்கே கிடைக்கும், யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.