அப்பாவின் 1982 ஃபியட்டுக்கு இப்போது இந்த விலை ஏன்? விற்கலாமா, வைத்திருக்கலாமா?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் 1982ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி ஒன்று நிற்கிறது. எங்கள் தெருவில் யாரும் அதைப் பத்மினி என்று சொன்னதில்லை. எல்லோருக்கும் அது ஃபியட்தான். பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து அப்பா வாங்கிய முதல் கார் அது. ஸ்டீயரிங்கை ஒட்டிக் கியர் இருக்கும் அந்த வண்டியில்தான் நானும் தம்பியும் ஓட்டக் கற்றுக்கொண்டோம். 2011இல் அப்பா ஓட்டுவதை நிறுத்தியபோது, பழைய வண்டிகளை வாங்கும் ஒருவர் 15,000 ரூபாய்க்குக் கேட்டார். அது இரும்புக்குத் தரும் விலை என்று சொல்லி அப்பா அனுப்பிவிட்டார். சென்ற ஆண்டு அப்பா காலமானார். இரண்டு வாரங்களுக்கு முன் சென்னையிலிருந்து வந்த ஒருவர், ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும் அதே வண்டியை ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, 1,75,000 ரூபாய் தருவதாகக் கூறி முன்பணமும் நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

தெருவுக்குத் தெரு நின்றிருந்த ஒரு சாதாரண வண்டிக்கு இவ்வளவு விலை எப்படி வந்தது என்பது எனக்கு விளங்கவில்லை. இது நிலைக்கும் விலையா, அல்லது சில ஆண்டுகளில் இறங்கிவிடுமா? பதிவுச் சான்று 2012இல் காலாவதியாகிவிட்டது. விற்றுவிடலாம் என்கிறான் தம்பி. அம்மா எதுவும் சொல்லவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஹெரால்டுக்காரர் எழுதியது:

முன்பணத்தை வாங்காமல் இருந்தது நல்லது. விலை ஏன் ஏறியது என்ற உங்கள் கேள்விக்கு, நான் முப்பது ஆண்டுகளாகப் பார்த்துவந்ததை வைத்துச் சொல்கிறேன்.

சாதாரண வண்டி என்பதால்தான் அது அரிதானது. பணக்கார வீட்டு வண்டிகளையும் அரண்மனை வண்டிகளையும் யாரும் உடைத்துப் போடவில்லை. அவற்றுக்கு எப்போதும் ஒரு மதிப்பு இருந்தது. ஃபியட்டையும் அம்பாசிடரையும் ஹெரால்டையும் போற்றிக் காக்க வேண்டும் என்று அவை ஓடிய காலத்தில் எவருக்கும் தோன்றவில்லை. 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 வெளிவந்த பிறகு, பழைய வண்டி வைத்திருப்பவர் வசதியில்லாதவர் என்ற எண்ணமே பரவியது. டாக்சியாக ஓடித் தேய்ந்தவை, டீசல் இன்ஜின் மாற்றப்பட்டவை, சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பிரிக்கப்பட்டவை என்று கழிந்தது போக, ஒரே குடும்பத்தின் கையில் மாறாமல் மிஞ்சியவை மிகக் குறைவு. உங்கள் வண்டி அந்த மிச்சத்தில் ஒன்று. வந்தவர் ஒரு மணி நேரம் பார்த்ததற்குக் காரணமும் அதுவே.

இரண்டாவது காரணம் வயது. வண்டியின் வயதைச் சொல்லவில்லை. வாங்குகிறவரின் வயதைச் சொல்கிறேன். பின் இருக்கையில் உட்கார்ந்து பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு இப்போது நாற்பத்தைந்து, ஐம்பத்தைந்து ஆகிறது. கையில் பணமும் இருக்கிறது. மும்பையின் குர்லாவில் பத்மினி உற்பத்தி நின்று ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகிறது. மும்பையில் டாக்சியாகக் கடைசியாகப் பதிவு செய்யப்பட்ட பத்மினி 2003 அக்டோபரில் பதிவானது. டாக்சிகளுக்கான இருபது ஆண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் அது ஓய்வுபெற்றபோது நாளிதழ்களெல்லாம் எழுதின. அந்த வாரத்திலேயே எனக்குத் தெரிந்த மூவர் பத்மினி தேடத் தொடங்கினார்கள். 2002இல் உற்பத்தி நின்ற கான்டெசா காருக்கும், 1986 வரை வந்த பெட்டி வடிவ முதல் மாருதிக்கும் இதே வரிசையில் விலை ஏறுவதைப் பார்க்கிறேன்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இருந்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு, சென்னைக்கு அடுத்த பெருங்களத்தூர்த் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. பானட்டைத் திறந்தால் இரண்டு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும்; இன்ஜின் முழுவதும் கைக்கு எட்டும். 1996இல் பாகம் கிடைக்கவில்லை என்று எடைக்குப் போட்டோம். அதன் பின் ஒன்பது ஆண்டுகள் தேடித்தான் இப்போது இருக்கும் ஹெரால்டை வாங்கினேன். அது எங்கள் வண்டி அன்று. இந்த வருத்தத்தை வைத்தே சொல்கிறேன்: விற்பதென்றாலும் அவசரப்பட்டு விற்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. விளம்பரங்களில் கேட்கப்படும் விலை வேறு, கை மாறும் விலை வேறு. ஐந்து லட்சம் என்று போட்டிருக்கும் வண்டி ஓராண்டு கழித்தும் அதே படத்தோடு விளம்பரத்தில் நிற்பதை நீங்களே பார்க்கலாம். எனவே விளம்பரத்தைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம்.

கொங்குப் பட்டறை எழுதியது:

கோவையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பழைய வண்டிகளுக்கு டிங்கர் வேலையும் பெயின்ட் வேலையும் செய்துவருகிறேன். ஹெரால்டுக்கார அண்ணா சொன்னவை சரி. ஆனால் வண்டியின் விலை முதலில் அதன் அடித்தகட்டில்தான் இருக்கிறது.

ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ், அதாவது உடலைத் தாங்கும் அடிச்சட்டம், உண்டு. உடல் துருப்பிடித்தாலும் சேசிஸ் தாங்கும். ஃபியட்டுக்கு அப்படித் தனிச் சேசிஸ் கிடையாது. தரைத்தகடும், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதியும், தூண்களும் சேர்ந்தே பாரத்தைச் சுமக்கின்றன. அங்கே துரு ஏறினால் கதவுகள் இறங்கும், வண்டியே நடுவில் தொய்யும். கும்பகோணம் போன்ற ஈரப்பதமான ஊரில், மண் தரைக் கொட்டகையில் பதினான்கு ஆண்டுகள் நின்ற வண்டி என்றால், மிதியடிகளை எடுத்துவிட்டுத் தரையைத் தட்டிப் பாருங்கள். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவுக்குக் கீழே வைத்து நகர்த்துங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி பூசியிருக்கிறது என்று பொருள்.

சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்ய முயல வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாட்கள் ஊறவிட்டு, கையால் இன்ஜினைச் சுற்றிப் பாருங்கள். இறுகிய பிஸ்டனை ஸ்டார்ட்டர் மோட்டாரால் இழுத்து, நல்ல இன்ஜினைக் கெடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டேங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோலை முழுவதும் வடித்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள். இந்த 1089 சிசி இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோல் விற்ற காலத்தது. 2000ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்த பிறகு, தொடர்ந்து வேகமாக ஓடும் பழைய இன்ஜின்களில் வால்வு சீட் (வால்வு வந்து அமரும் விளிம்பு) தேய்வது ஒரு பிரச்சினையானது. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைப் பிரிக்கும்போது கடினமான வால்வு சீட்டுகளைப் போட்டுவிடுவது நல்லது. இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதால், பழைய ரப்பர்க் குழாய்களும் பெட்ரோல் பம்ப்பில் உள்ள டயாஃபிரம் என்ற சவ்வும் கெட்டுப்போகும். அவற்றை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றாமல் ஓட்டக் கூடாது. பெட்ரோல் கசிந்து தீப்பிடிக்கும் ஆபத்து உண்மையானது.

தயவுசெய்து விற்பதற்காகப் பளபளப்பாகப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். தொழிற்சாலை பெயின்ட் மங்கியிருந்தாலும் அதற்குத்தான் மதிப்பு. கிரில், பம்பர், கதவுக் கைப்பிடி, ஹார்ன் வளையம் ஆகியவை அசலாக இருக்கின்றனவா என்று பார்த்து எழுதுங்கள். இன்ஜினைக் கோவையிலும் சென்னையிலும் சரிசெய்துவிடலாம். உடையாத ஒரு விளக்கு மூடிக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும். முழு வேலையும் செய்தால் செலவு சென்னைக்காரர் கேட்ட விலையைத் தாண்டிவிடும். ஆகவே லாபத்துக்காக இந்த வேலையில் இறங்க வேண்டாம், ஐயா. ஓட்ட வேண்டும் என்ற ஆசை இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

வடமராட்சி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் ஃபியட் குறைவு. எங்கள் சாதாரணக் கார்கள் மொரிஸ் மைனரும், ஏ போட்டி என்று நாங்கள் அழைக்கும் ஒஸ்ரின் ஏ40 சோமசெட்டும்தான். எங்கள் பகுதியில் அவை கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் செத்த வீட்டுக்கும் ஓடிய வாடகைக் கார்கள்.

1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் கிடைக்காமல் போனபோது, புதிய கார்கள் எல்லாம் நின்றுவிட்டன. இந்தக் கிழட்டுக் கார்கள் நிற்கவில்லை. அவற்றின் இயந்திரங்களில் அமுக்கம் குறைவு என்பதால், கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணிச் சூடாக்கிய பிறகு மண்ணெண்ணெயில் ஓட்ட முடிந்தது. அந்தப் புகையின் மணம் எங்கள் தலைமுறைக்கு மறக்காது. எங்கள் மாமா ஒருவர் ஒரு சோமசெட்டைப் பல ஆண்டுகள் அப்படியே ஓட்டினார். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்து புதிய வாகனங்கள் வந்தபோது, இவற்றை விற்றவர்கள் அந்நேரம் கிடைத்த விலைக்கு விற்றார்கள். மாமாவும் விற்றார். இன்று அதே கார் மெருகேற்றப்பட்டுக் கொழும்பில் கல்யாணங்களுக்கு ஓடுகிறது. அதன் விலையைக் கேட்டுவிட்டு மாமா கனநேரம் பேசவில்லை.

விலை ஏறுவதற்கு எங்கள் நாட்டில் இன்னொரு காரணமும் இருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் பத்து, பதினைந்து வருடப் பழைய சாதாரணக் கார்கள்கூட வாங்கிய விலைக்கு மேல் விற்கப்பட்டன. அது தட்டுப்பாட்டால் வந்த விலை. மொரிஸ் மைனருக்கு வந்திருப்பது அப்படியானதல்ல, ஏனென்றால் 1970களிலேயே உற்பத்தி நின்றுபோன அதை இனி யாரும் புதிதாகச் செய்யப்போவதில்லை. உங்கள் காரும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்றே நான் நினைக்கிறேன். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

முதல்வண்டி எழுதியது:

எனக்கு இருபத்தாறு வயது. மதுரையில் வேலை பார்க்கிறேன். இந்த உரையாடலில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். விலை ஏறுவதை எல்லோரும் மகிழ்ச்சியோடு பேசுகிறீர்கள். நான்கு ஆண்டுகளாக ஒரு ஃபியட் வாங்கப் பணம் சேர்க்கிறேன். நான் ஒரு லட்சம் சேர்ப்பதற்குள் விலை இரண்டு லட்சமாகிவிடுகிறது. அதைவிட வேதனையானது, ஒன்றை அழகாக்குவதற்காக ஓடிக்கொண்டிருந்த இரண்டு வண்டிகளைப் பிரிக்கிறார்கள். சென்ற ஆண்டு நான் விலை பேசிக்கொண்டிருந்த ஒரு வண்டியை வேறொருவர் வாங்கி, கதவுகளையும் கிரில்லையும் எடுத்துக்கொண்டு மீதியை எடைக்குப் போட்டுவிட்டார். காவிரிக்கரை ஐயா, நீங்கள் விற்பதானால், வாங்குகிறவர் அதை ஓட்டப்போகிறாரா, பிரிக்கப்போகிறாரா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஹெரால்டுக்காரர் எழுதியது:

மதுரைத் தம்பி சொல்வதை ஏற்கிறேன். ஒரு மணி நேரம் பார்த்தவர் எதற்காகப் பார்த்தார் என்பதை நானும் யோசித்திருக்க வேண்டும்.

ஆவணங்களைப் பற்றி விட்டுவிட்டேன். முதலில் பதிவை உங்கள் பெயருக்கோ அம்மாவின் பெயருக்கோ மாற்றுங்கள். உரிமையாளர் இறந்தால் அதற்குப் படிவம் 31. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். புத்தக வடிவில் இருக்கும் பழைய ஆர்.சி. (பதிவுச் சான்று) என்றால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் கணினியில் அந்த எண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் மற்ற எதுவும் நகராது. பிறகு ஆய்வுக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டு அறிவிப்பின்படி இருபது ஆண்டு கடந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். பசுமை வரியும் தாமதக் கட்டணமும் தனி. மூன்று எழுத்துகளில் தொடங்கும், 1989க்கு முந்தைய பதிவு எண்ணை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

வின்டேஜ் பதிவு என்று யாராவது சொன்னால் அது உங்களுக்கு இப்போது பொருந்தாது. 2021 விதிப்படி ஐம்பது ஆண்டு நிறைவடைந்த, உடலும் இன்ஜினும் மாற்றப்படாத வண்டிகளுக்கே அது உண்டு. உங்கள் வண்டிக்கு 2032இல்தான் அந்தத் தகுதி வரும். அப்படிப் பதிந்தால் அன்றாட ஓட்டத்துக்கு எடுக்கவும் முடியாது என்பதால், காய்கறி வாங்கவும் கோயிலுக்குப் போகவும் ஓட்ட விரும்புகிறவருக்குச் சாதாரணப் பதிவே ஏற்றது.

காவிரிக்கரை எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் காந்தத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஓட்டுநர் பக்கம் கதவுக்குக் கீழே ஒரு முழ நீளத்துக்குக் காந்தம் ஒட்டவில்லை. தரைத்தகட்டில் பின் இருக்கைக்கு முன்னே இரண்டு இடங்களில் ஓட்டை இருக்கிறது. மற்ற இடங்கள் உறுதியாக உள்ளன. சிலிண்டர்களில் எண்ணெய் விட்டிருக்கிறோம்; புதன்கிழமை சுற்றிப் பார்க்கும்போது இன்ஜின் கொஞ்சம் அசைந்தது.

சென்னையிலிருந்து வந்தவரைத் தொலைபேசியில் அழைத்து, ஓட்டவா பிரிக்கவா என்று கேட்டேன். தன்னிடம் ஏற்கெனவே ஒரு வண்டி இருப்பதாகவும், அதற்குக் கதவுகள் தேவைப்படுவதாகவும் நேர்மையாகவே சொன்னார். விற்கவில்லை என்று தெரிவித்துவிட்டேன். அம்மாவின் பெயருக்குப் பதிவை மாற்ற வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். தம்பி இன்னும் முழு மனதாக இல்லை. தகட்டு வேலைக்கு மட்டும் பாதிச் செலவை ஏற்பதாகச் சொல்லியிருக்கிறான்.

கொங்குப் பட்டறை ஐயா கேட்டபடி பார்த்ததில் கிரில், பம்பர், ஹார்ன் வளையம் எல்லாம் அசல். பின்பக்கம் இடது விளக்கின் சிவப்பு மூடி மட்டும் உடைந்திருக்கிறது. யாரிடமாவது அந்த ஆண்டைச் சேர்ந்த மூடி இருந்தால் தெரிவியுங்கள்; நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.