4294967297: ஒன்பதாம் வகுப்புக்குப் புரியும் விளக்கம் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. கணித மன்றத்துப் பிள்ளைகளுக்கு 4294967297 என்ற எண்ணைப் பற்றிச் சொல்லித்தர ஆசை. இரண்டு இடங்களில் உங்கள் உதவி தேவை.

இது 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டியது. 2-இன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளோடு 1 கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்களாக இருந்ததால் இதுவும் அப்படித்தான் என்று கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் இதை 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார்.

641 வகுக்கிறது என்பதை நிறுவ ஓர் அருமையான வழி உண்டு. 641 = 5 × 128 + 1, அதேசமயம் 641 = 625 + 16. இந்த இரண்டையும் வைத்து, பெருக்கிப் பார்க்காமலே மீதி பூச்சியம் என்று காட்டிவிடலாம். இது பிள்ளைகளுக்கு எட்டும்.

சிக்கல் இதுதான்: 641-ஐ ஏன் சோதிக்க வேண்டும்? இதன் பகா காரணி எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அடுத்து 641. ஐந்தே சோதனையில் விடை! ஆனால் அந்த 'மீதி 1' விதிக்கு ஃபெர்மாவின் சிறிய தேற்றம் (p பகா எண்ணாக இருந்து a-ஐ வகுக்காவிட்டால், a-இன் (p−1)-ஆம் அடுக்கை p-ஆல் வகுத்தால் மீதி 1) இல்லாமல் எளிய விளக்கம் உண்டா?

இன்னொன்று. 65536² + 1² தவிர, 62264² + 20449² கூட்டினாலும் இதே எண் வருகிறது. ஒற்றை எண் ஒன்றை இப்படி இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக இரு விதமாக எழுத முடிந்தாலே அது பகு எண். இந்த இரண்டாவது ஜோடியை, 641 தெரியாமல், கையாலேயே கண்டுபிடிக்க வழி தெரிந்தவர்கள் படிப்படியாக எழுதுங்கள். தாளில் போட்ட கணக்கைப் படம் எடுத்துப் போட்டாலும் போதும்.