தருமபுரி மழையும் சென்னை மழையும் ஒரே உயரமா? காலநிலை வரைபடத்தில் சந்தேகம்

பாலக்கோட்டுக்காரன்:
ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு இரண்டு காலநிலை வரைபடங்கள் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று தருமபுரி, மற்றது சென்னை. நீலப் பட்டை மழை, சிவப்புக் கோடு வெப்பம் என்பதுவரை நாங்களே கண்டுபிடித்துவிட்டோம். ஆனால் தருமபுரியின் அக்டோபர் பட்டையும் சென்னையின் நவம்பர் பட்டையும் ஏறக்குறைய ஒரே உயரம். அப்படியென்றால் நாம் ஏன் தண்ணீருக்கு இத்தனை ஆழம் துளைக்கிறோம்? மே மாதக் கோடு வேறு 30-ஐ ஒட்டி நிற்கிறது. இங்கே மே வெயிலில் நின்றவர் எவரும் ஒப்பமாட்டார். அச்சுப்பிழையா?

மழைமானி:
பிழை இல்லை ஐயா. வலது ஓரத்து எண்கள் எதுவரை போகின்றன?

பாலக்கோட்டுக்காரன்:
சென்னைக்கு 400, தருமபுரிக்கு 200. அடடா!

மழைமானி:
அதேதான். உயரம் ஒன்று, மழை பாதி. வரைபடத்தில் முதலில் ஓரங்களைப் படிக்க வேண்டும். இடது அச்சு டிகிரி, வலது அச்சு மில்லிமீட்டர். மே மாத 30 என்பது பகலும் இரவும் சேர்ந்த சராசரி. பகலில் 37, விடியற்காலையில் 24 என்றால் நடுவில் 30.5 வரும். உச்சி வெயில் அந்தக் கோட்டில் தெரியாது.

போச்சம்பள்ளி மாந்தோப்பு:
மே பட்டை ஜூலை பட்டையைவிட உயரமாக இருப்பதையும் மகளுக்குக் காட்டுங்கள். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொள்கிறது. ஆடியில் நமக்கு வருவது அம்மியைப் பறக்கவிடும் காற்றுதான். மே மாதம் வெப்பச் சலனத்தால் மாலையில் இடி மழை. புத்தகம் அதை மாஞ்சாரல் என்று அழகாகச் சொல்லும். காற்றோடு வந்தால் பாதிக் காய் தரையில் கிடக்கும். இன்னொன்று, பட்டை பெரும்பாலும் 30 ஆண்டுச் சராசரி. ஓர் அக்டோபரில் 300, அடுத்ததில் 20 பெய்தாலும் சராசரி 160 என்றுதான் நிற்கும். கேழ்வரகு விதைக்கிறவனுக்கு அந்த 20 தான் கவலை.

பாலக்கோட்டுக்காரன்:
நன்றி. கோட்டுக்குக் கீழே பட்டை இருந்தால் வறண்ட மாதம் என்கிறார் பக்கத்து வீட்டு ஆசிரியர். சரியா?

மழைமானி:
10 டிகிரிக்கு நேராக 20 மி.மீ. என்று அச்சுகளை அமைத்திருந்தால் மட்டும் சரி. வால்ட்டர், லீத் என்ற இருவர் வகுத்த முறை அது. உங்கள் படத்தில் இடது பக்கம் எதுவரை?

பாலக்கோட்டுக்காரன்:
40 வரை.

மழைமானி:
அப்படியானால் 40-க்கு நேராக 80 இருக்க வேண்டும். உங்களிடம் 200 இருக்கிறது. வரைபடத் தாளில் மறுபடி வரையச் சொல்லுங்கள்.

பாலக்கோட்டுக்காரன்:
வரைந்துவிட்டாள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றும் கோட்டுக்குக் கீழே போய்விட்டன. ஏப்ரல் பட்டை கோட்டைத் தொடுகிறது என்கிறேன் நான், தொடவில்லை என்கிறாள் அவள். பென்சிலைச் சீவிக்கொண்டிருக்கிறாள்.